ஆரனா, எரினா? அயல்நாட்டுப் பேச்சில் ஒத்த பெயர்களைப் பிரித்தறிவது எப்படி

மருத்துவர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு நோயாளியின் குறிப்பாக எழுதித் தருவது எங்கள் தொழில். சென்னையில் இதை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் வரைவை இப்போதெல்லாம் பெரும்பாலும் மென்பொருளே எழுதித் தந்துவிடுகிறது. அதை ஒலியோடு வைத்துப் பார்த்துத் திருத்துவது என்னைப் போன்ற எடிட்டர்களின் வேலை. புதிதாக வருகிறவர்கள் மருந்துப் பெயர்களைக் கண்டு மிரளுகிறார்கள். மருந்துக்கு அகராதி உண்டு. நோய்க்கும் மருந்துக்கும் பொருந்தாவிட்டால் பிழை தானே வெளியே வந்துவிடும். ஆட்பெயருக்கு அந்த வசதி கிடையாது. ஆரன் என்ற ஆணின் குறிப்பு எரின் என்ற பெண்ணின் கோப்பில் சேர்ந்துவிட்டால், ஒருவருக்குள்ள ஒவ்வாமை இன்னொருவருக்கு எழுதப்பட்டுவிடும். அதனால் பெயர் விஷயத்தில் நான் கறாரானவள். எங்கள் பிரிவில் புதியவர்களுக்கு நான் சொல்லித் தருவதை இங்கே எழுதுகிறேன். வாடிக்கையாளர் அழைப்பு எடுப்பவர்களுக்கும், வெளிநாட்டு அலுவலகத்தோடு தினமும் பேசுகிறவர்களுக்கும் இது பயன்படும்.

பெயரை விட்டுவிட்டு ஆளைக் கேளுங்கள்

பெயர் புரியாதபோது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பதிவை ஓட்டும் கால் பெடலை மிதித்துப் பின்னால் போய் அந்த ஒரு சொல்லையே பத்து முறை கேட்பார்கள், வேகத்தைக் குறைத்துக் கேட்பார்கள். பத்தாவது முறை நம் மனம் எதை விரும்புகிறதோ அதுதான் காதில் விழும். அதைச் செய்யாதீர்கள். பேசுகிறவர் எந்த ஊர்ப் பேச்சுக்காரர் என்பதை மற்றச் சாதாரணச் சொற்களிலிருந்து முதலில் கண்டுபிடியுங்கள். பெயரிடம் பிறகு வாருங்கள்.

இது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. மழையை ‘மளை’ என்று சொல்கிற ஒருவர் தன் மகள் பெயர் ‘எளில்’ என்றால், எழில் என்றுதான் எழுதுவோம். அவர் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன என்பதை முந்தைய சொற்களே சொல்லிவிட்டன. ஆங்கிலப் பெயர்களுக்கும் அதே வழிதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். வட்டார உச்சரிப்பு ஓசைகளை இரண்டு விதமாக மாற்றுகிறது. சில இடங்களில் இரண்டு ஓசைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. வேறு சில இடங்களில் ஓசை இடம் மாறுகிறது, ஆனால் பக்கத்து ஓசையும் கூடவே நகர்ந்துவிடுவதால் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. இடம் மாறியதென்றால் பழகினால் போதும், காதாலேயே பிரித்துவிடலாம். சேர்ந்துவிட்டதென்றால் எவ்வளவு கூர்மையான காதுக்கும் வழி கிடையாது. அங்கே கேட்பதை நிறுத்திவிட்டு ஆவணத்தைத் தேட வேண்டும். எந்தப் பெயர் ஜோடி எந்த ஊரில் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

அமெரிக்கா

ஆரன், எரின் ஜோடியிலிருந்தே தொடங்குவோம். விவிலியத் தமிழில் ‘ஆரோன்’ என்று கேட்டுப் பழகிய நமக்கு, இரண்டு ஏ போட்டு எழுதும் அந்தப் பெயரின் முதலில் ‘ஆ’ வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது வராது. ரகரத்துக்கு முன்னால் வரும் மூன்று உயிரோசைகள் அங்கே ஒன்றாகிவிட்டன. மேரி என்ற பெயர், மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘மெரி’, மணம் செய்வதைக் குறிக்கும் ‘மாரி’ மூன்றும் அவர்கள் வாயில் ஒரே சொல். ஆகவே ஆரனும் எரினும் ஒன்று. கேரியும் கெரியும் ஒன்று. சகர ஓசையில் தொடங்கும் சாராவை ஹெச் போட்டு எழுதினாலும் போடாமல் எழுதினாலும் ஒன்று.

விதிவிலக்கான இடங்கள் வடகிழக்கில் இருக்கின்றன. நியூயார்க், நியூஜெர்சி, ஃபிலடெல்ஃபியா பக்கம் வளர்ந்தவர்கள் பலரிடம் இந்த வேறுபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களுடைய ஆரன், வாயை அகலத் திறந்து சொல்லும் ஓசையில் தொடங்கும்; பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லில் வருகிற அதே ஓசை. எரினின் முதலோசை நம் குறில் எகரம். பேசுகிறவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிட்டத்தட்ட ஒவ்வொரு மருத்துவக் குறிப்பிலும் நோயாளியின் சமூகப் பின்னணி என்று ஒரு பத்தி வரும். அதில் மணமானவர் என்பதைக் குறிக்கும் ‘மேரீட்’ என்ற சொல் இருக்கும். அந்த இடத்துக்குப் போய்க் கேளுங்கள். அதன் முதல் உயிரோசை ‘வெரி’யோடு ஒத்துப்போனால் அவருடைய ஆரனும் எரினும் ஒன்றுதான், பெயரை மறுபடி கேட்டுப் பயனில்லை. ‘கேட்’டோடு ஒத்துப்போனால் பெயருக்குத் திரும்பிச் செல்லுங்கள், காது இப்போது உதவும்.

ஃபிலடெல்ஃபியாவின் பழைய பேச்சில் இன்னொரு வழக்கம் உண்டு: ‘வெரி’ என்பது ‘வர்ரி’ போல ஒலிக்கும். அப்படிப் பேசுகிறவரிடம் மெரி என்ற பெண்ணும் மரே என்ற ஆணும் நெருங்கி வந்துவிடுவார்கள்.

அடுத்தது டான். டி, ஓ, என் என்று எழுதினால் ஆண். டி, ஏ, டபிள்யூ, என் என்று எழுதினால் பெண், விடியலின் பெயர். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும், பிட்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்திலும், கனடாவிலும், ஸ்காட்லாந்திலும் இரண்டும் ஒன்றே. நியூயார்க்காரர் பெண் பெயரை உதடு குவித்து, ஓகாரத்தின் பக்கம் கொண்டுபோய் இழுத்துச் சொல்வார். இங்கிலாந்திலும் ஆண் பெயர் குறுகியும் பெண் பெயர் நீண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கும். சோதனைச் சொற்கள் தேடி அலைய வேண்டாம். ‘டாக்டர்’ என்பதும் மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’ என்பதும் எந்தப் பதிவிலும் கிடைக்கும். இரண்டின் முதல் உயிரோசையும் ஒன்றாகக் கேட்டால் டானில் ஆணா பெண்ணா என்பதை ஒலியிலிருந்து முடிவு செய்ய முடியாது.

தென் மாநிலத்து மருத்துவர்களின் பதிவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை; அவர்கள் நிதானமாகப் பேசுவார்கள். அவர்கள் பேச்சில் மூக்கொலிக்கு முன்னால் எகரமும் இகரமும் ஒன்றாகிவிடும். பேனாவும் குண்டூசியும் அங்கே ஒரே சொல். உடல் பரிசோதனைப் பத்தியில் தொட்டால் வலி இல்லை என்பதற்கு ‘நோ டெண்டர்னஸ்’ என்று சொல்வார்கள். அது ‘டிண்டர்னஸ்’ என்று விழுந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். ஜென்னி, ஜின்னி; லென், லின்; க்ளென், க்ளின் எல்லாம் அவரிடம் ஒன்று. லென் ஆண், லின் பெரும்பாலும் பெண். இதே பேச்சில் ஐகாரம் நெட்டுயிராகத் தட்டையாகும், ‘சைட்’ என்பது ‘ஸாட்’ போலக் கேட்கும். அப்படியானால் ‘மாரா’ என்று கேட்டது மைராவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று அமெரிக்கா முழுவதற்கும் பொது. இரண்டு உயிருக்கு நடுவே வரும் டகர வல்லோசையை அவர்கள் நாக்கு நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். பீட்டர் ‘பீடர்’ ஆகிறார். பேட்டியும் பேடியும் ஒன்றாகிறார்கள். அதிகம் தொந்தரவு தருவது மேடி, மேட்டி ஜோடி. மேடி என்பது மேடிசன், மேடலின் போன்ற பெண் பெயர்களின் செல்லச் சுருக்கம். மேட்டி என்பது மார்த்தாவாகவும் இருக்கலாம், மேத்யூ என்ற பையனாகவும் இருக்கலாம். குழந்தைகள் மருத்துவமனைப் பதிவுகளில் இந்தச் செல்லப் பெயர்கள் நிறைய வரும். தாயும் தகப்பனும் அழைப்பதையே மருத்துவரும் சொல்லிவிடுவார். இதற்குச் சோதனைச் சொல் கிடையாது. ஆவணம்தான் வழி.

கிரேக், கிரெக் இரண்டையும் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் முதலாவது நெடில், குழப்பமில்லை. அமெரிக்கர் பலர் அதையும் குறிலாகவே சொல்வார்கள். பிறகு மிஞ்சுவது முதலெழுத்தின் வல்லோசை மட்டுமே: ஒன்று தொண்டை அதிராத ககரம், மற்றது அதிரும் ககரம். தமிழில் குறித்துவைத்தால் அந்த மிச்ச அடையாளமும் போய்விடும். அதனால் கையேட்டில் குறிப்பெடுக்கும்போது ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். ‘டான்’ என்று நாம் எழுதும் ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு ஆட்கள் ஒளிந்திருக்க முடியும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து

இங்கே இடம் மாறிய ஓசைகள் அதிகம், ஆகவே நம்பிக்கையோடு பழகலாம். ஆஸ்திரேலியரின் ஏகாரம் நம் காதுக்கு ஐகாரம்போல விழும். ‘டுடே’ என்பது ‘டுடை’ என்று கேட்டால், ‘கை’ என்பவர் கே, ‘ரை’ என்பவர் ரே. கைலி என்று கேட்டது உண்மையில் கேலியாக இருக்கலாம். பாடகி கைலி மினோக்கின் பெயரை அழுத்தமான ஆஸ்திரேலியப் பேச்சில் சொல்லும்போது முதலசை ‘கொய்’ பக்கம் சாயும். ஐகாரமும் ஒரு படி நகர்ந்துவிட்டதால் இரண்டு பெயரும் மோதிக்கொள்வதில்லை. எழுத்துக்கூட்டும்போதும் இதை மறக்க வேண்டாம். அவர் ‘ஐ’ என்று சொன்னதாகத் தோன்றினால் அது ஆங்கில முதலெழுத்தாக இருக்கலாம்.

நியூசிலாந்துக்காரர் ‘யெஸ்’ என்பதை ‘யிஸ்’ என்பார். அவருடைய பென் நமக்கு ‘பின்’, ஜென் நமக்கு ‘ஜின்’, ஜே, ஏ, என் என்று எழுதி, பூனையைக் குறிக்கும் ‘கேட்’டின் ஓசையோடு சொல்லும் பெண் பெயர் நமக்கு ‘ஜென்’. ஒரு படி இறக்கிப் படித்தால் சரியாகிவிடும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: அமெரிக்கத் தென்பகுதிக்காரரும் ‘டெண்டர்’ என்பதை ‘டிண்டர்’ என்கிறார், இவரும் என்கிறார். ஆனால் அவரிடம் ஜென்னியும் ஜின்னியும் சேர்ந்துவிட்டன. இவரிடம் ஜென்னி ‘ஜின்னி’ ஆனபோது ஜின்னி இன்னும் தள்ளிப்போய் ‘ஜன்னி’ போல ஆகிவிட்டது. ஒரே மாதிரி கேட்டாலும் ஒருவரிடம் காதை நம்பலாம், மற்றவரிடம் நம்பக் கூடாது.

சேர்ந்துபோனவையும் இங்கே உண்டு. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் பலருக்கு லகரத்துக்கு முன் வரும் எகரம் அகலத் திறந்த ஓசையாகிவிடுகிறது. மெல்பர்ன்காரர் தம் ஊரையே ‘மால்பன்’ என்பதுபோலச் சொன்னால், எலன் என்ற பெண்ணும் ஆலன் என்ற ஆணும் அவரிடம் ஒன்று.

சொல்லின் கடைசி ரகரம் ஒலிக்காத நாடுகளில் மட்டும் பிறக்கக்கூடிய ஒரு ஜோடியும் இருக்கிறது. பீட்டரின் பெண்பாலாக பீட்டா என்ற பெயர் ஆஸ்திரேலியாவில் வழக்கில் உள்ளது. ரகரம் மறையும் அந்தப் பேச்சில் இரண்டும் அசையளவில்கூட வேறுபடாது. டெய்லரை ரகரம் இல்லாமல் டெய்லா என்றே எழுதிக்கொள்ளும் பெண்களும் அங்கே உண்டு. இதற்கு நேர்மாறாக, இல்லாத ரகரம் முளைப்பதும் உண்டு: ஆங்கிலேயர் ‘லிண்டா இஸ்’ என்பதை ‘லிண்டரிஸ்’ என்று சேர்த்துச் சொல்வார். பெயர் லிண்டர் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த சொல் உயிரில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மெய்யில் தொடங்கும் வேறொரு இடத்தில் அதே பெயர் வந்தால் அந்த ரகரம் காணாமல் போயிருக்கும்.

ஸ்பானிய மொழிக்காரர் பேசும் ஆங்கிலம்

அமெரிக்க மருத்துவமனைகளில் இவர்கள் பலர். ஸ்பானிய மொழியில் ‘பி’யும் ‘வி’யும் ஒரே ஓசைதான். எல்பா, எல்வா என்று இரண்டு பெண் பெயர்களும் உண்மையில் இருக்கின்றன, ஒலியால் பிரிக்க முடியாது. ஜெஸிகா ‘யெஸிகா’ என்று கேட்டால் உடனே ஜகரமாகத் திருத்திவிடாதீர்கள். யகரத்திலேயே தொடங்கி அந்தப் பெயரைப் பதிந்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

நம் வாய்

பெயரைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் வேலை நம்முடையது. அப்போது நம் உச்சரிப்பும் கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் பணிபுரியும் நம் நாட்டு மருத்துவர்களின் பதிவுகளிலும் இதே ஓசைகள்தான்.

தமிழ் வாயில் முதலில் சறுக்குவது ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்தான இஸட்டின் ஓசை. ஜேன் என்று நாம் சொன்னால் அது பெண். ஆனால் இஸட்டில் தொடங்கும் ஸேன் என்ற ஆண் பெயரையும் நாம் ஜேன் என்றே சொல்லிவிடுகிறோம். எதிர்முனையில் இருப்பவர் ஆம் என்றும் சொல்லிவிடுவார். ‘ஸ்ஸ்’ என்று காற்றை விடுங்கள். அதை நிறுத்தாமல் தொண்டையை அதிரவிடுங்கள். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். அந்த ஓசையோடு ‘ஏன்’ சேர்த்தால் ஸேன் வந்துவிடும்.

ஆல்வின் என்ற பெயர் வி போட்டும் எழுதப்படுகிறது, டபிள்யூ போட்டும் எழுதப்படுகிறது. முதலாவதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டாவதற்கு உதடு குவிய வேண்டும், பல் எங்கும் படக் கூடாது. நம் வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் அவர்களுக்குக் குழப்பம்.

இவற்றைவிடப் பெரியது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் மேரிக்கும் மரீக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி அழுத்தம்தான்: முதலாவதில் முன்னசை ஓங்கும், இரண்டாவதில் பின்னசை ஓங்கி நீளும். டெனிஸ் என்ற ஆண், டெனீஸ் என்ற பெண். டேனியல் என்ற ஆண், டேனியெல் என்ற பெண். எல்லாம் இதே கதை. பின்னசையில் குரலைச் சற்று உயர்த்தி நீட்டிச் சொல்லிப் பழகினால் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வராது.

ஆளின் விருப்பமும் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கொலின் பவலின் ஜமைக்காப் பெற்றோர் அவரைக் குறிலோடுதான் அழைத்தார்கள். உலகுக்கு அவர் ‘கோலின்’ ஆனார். 1941 டிசம்பரில் போரில் இறந்த விமானி கோலின் கெல்லியின் பெயர் அமெரிக்கா முழுவதும் அப்படி ஒலித்ததே காரணம். ஒருவர் தம் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து அவருக்கு அவர் பெயரைத் திருத்தாதீர்கள்.

காது கைவிட்ட பிறகு

முதலில் அதே பதிவுக்குள் தேடுங்கள். பிரதிப்பெயர் ‘ஹி’யா ‘ஷி’யா? கர்ப்பப்பை, புராஸ்டேட் போன்ற உறுப்புகள் வருகின்றனவா? இவை பாலைச் சொல்லிவிடும். பால் தெரிந்தால் ஆரனும் எரினும் பெரும்பாலும் பிரிந்துவிடுவார்கள். ஆனால் ஜென்னி, ஜின்னி பிரிய மாட்டார்கள். அப்போது நோயாளி எண், பிறந்த தேதி, முந்தைய குறிப்பு. மென்பொருள் எழுதிவைத்த எழுத்துக்கூட்டலை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அதுவும் ஒலியைக் கேட்டுத்தான் எழுதியது.

ஓர் எழுத்துக்கூட்டல் உண்மையில் வழக்கில் உண்டா, ஆணுக்கா பெண்ணுக்கா என்று பார்க்க அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடும் பெயர்ப் பட்டியல் நல்லது. 1880 முதல் ஆண்டுவாரியாக இருக்கிறது; ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்காவது வைக்கப்பட்ட பெயர் அதில் வரும். நோயாளியின் பிறந்த ஆண்டைத் திறந்து பாருங்கள். சாத்தியத்தை மட்டுமே அது சொல்லும்.

தொலைபேசியில் இருந்தால் கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டாம், அவர்களுக்குள்ளேயே தினமும் கேட்டுக்கொள்கிறார்கள். எழுத்தைச் சொல்லும்போது 1956 முதல் விமானத் துறையில் வழங்கும் அல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையைப் பயன்படுத்துங்கள். ‘டி ஃபார் டான்’ என்று குழப்பமான பெயரையே சாட்சிக்கு அழைக்கக் கூடாது. ‘டெல்டா’ என்றால் தீர்ந்தது. அகரவரிசையின் கடைசி எழுத்தான இஸட்டை அமெரிக்கரிடம் தொண்டை அதிரும் ‘ஸீ’ என்றும் ஆங்கிலேயரிடமும் ஆஸ்திரேலியரிடமும் ‘ஸெட்’ என்றும் சொல்லுங்கள். ‘டபுள் ஏ’ என்பதைவிட ‘ஏ, ஏ’ என்று தனித்தனியாகச் சொல்வது பாதுகாப்பு.

பதிவாக இருந்து எதுவும் கிடைக்கவில்லையென்றால் இடத்தைக் காலியாக விடுங்கள். எங்கள் தொழிலில் இதற்கு பிளாங்க் என்று பெயர். பிளாங்க் விடுவது தோல்வி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஊகித்து எழுதுவதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். வெறும் காலியிடமாக விடாமல், எந்த நிமிடம் எந்த நொடி, என்ன கேட்டது, எந்த இரண்டு பெயரில் ஐயம், ஏன் என்று எழுதுங்கள். ஒலித்துண்டை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேட்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. அமெரிக்காவில் 1996-இல் வந்த ஹிப்பா சட்டத்தின்படி நோயாளியின் பெயர் காக்கப்பட வேண்டிய தகவல்.

ஒரே மருத்துவரின் பதிவுகள் தொடர்ந்து வருமானால் அவருக்கென ஒரு தாள் திறந்துவையுங்கள். நோயாளிகளின் பெயர் அதில் இருக்கக் கூடாது, மருத்துவரின் ஓசை மட்டும் போதும். நான் வைத்திருக்கும் ஒரு தாள் இப்படித்தான் இருக்கிறது: ‘மேரீட், வெரி இரண்டும் ஒன்று. டாக்டர், டாட்டர் வேறு. டெண்டர் நேராகவே வருகிறது. ஆகவே டானை நம்பலாம், லென்னை நம்பலாம், எரினை நம்பாதே. மேடி வந்தால் கோப்பைத் திற.’ அடுத்த ஷிப்டில் உட்காருபவர் பதிவைத் தொடங்கும் முன் இந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் ஹெட்ஃபோனை மாட்ட வேண்டும் என்று எங்கள் பிரிவில் வைத்திருக்கிறோம்.